ஓஎன்டியும் 192.168.1.1, ஃபயர்வாலும் 192.168.1.1: லேன் பக்கத்தை எப்படி அமைப்பது?

#1 உப்பளம்_கணினி

வணக்கம். புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். 12 அறை. கீழே கவுன்ட்டரில் 3 கம்ப்யூட்டர், அதில் ஒன்றில் டேலி. ஒரு நெட்வொர்க் பிரின்டர், 8 கேமராவோடு ஒரு என்விஆர் (கேமரா பதிவுப் பெட்டி), கைரேகை அட்டெண்டன்ஸ் மெஷின் ஒன்று, 5 ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை கொடுக்கும் பெட்டி). சுவர் எல்லாம் பழைய காலத்துத் தடிமன், அதனால்தான் இத்தனை ஆக்சஸ் பாயின்ட்.

இதுவரை ஓஎன்டியிலிருந்து (நெட் கம்பெனி வைத்த ஃபைபர் பெட்டி) நேராக 16 போர்ட் ஸ்மார்ட் சுவிட்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது நடுவில் நாலு போர்ட் ஃபயர்வால் பெட்டி, பிஎஃப்சென்ஸ் (ஃபயர்வால் மென்பொருள்) போட்டது. ஓஎன்டி வயர் வானில் (வெளிப்பக்கம்), சுவிட்ச் வயர் லேனில் (உள்பக்கம்). கம்ப்யூட்டருக்கு 192.168.1.100 கிடைக்கிறது, 192.168.1.1 பிங் ஆகிறது, நெட் மட்டும் இல்லை. டாஷ்போர்டில் வான் முகவரி 192.168.1.7 என்று காட்டுகிறது. பெட்டி பழுதா, அமைப்பு தப்பா? இன்னொன்று, தங்க வருபவர்களையும் கவுன்ட்டரையும் ஒரே நெட்வொர்க்கில் விடலாமா?

#2 கெடிலக்கரை

பெட்டியில் பழுது இல்லை. தலைப்பிலேயே விடை இருக்கிறது.

ஃபயர்வாலுக்கு வான் பக்கமும் 192.168.1.0/24, லேன் பக்கமும் 192.168.1.0/24, அதாவது 192.168.1-இல் தொடங்கும் எல்லா முகவரியும். அது வெளியே அனுப்ப வேண்டிய கேட்வே (வெளியே போகும் வாசல்) 192.168.1.1. ஆனால் 192.168.1.1 அதனுடைய சொந்த லேன் முகவரியும்கூட. ஆக, வெளியே போக வேண்டிய பாக்கெட்டைத் தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசை இருந்தால் பல கம்பெனிப் பெட்டிகளும் இப்படித்தான் முழிக்கும்.

மாற்ற வேண்டியது ஃபயர்வாலின் லேனை, ஓஎன்டியை அல்ல. நாளை ஓஎன்டி பழுதாகி கம்பெனிக்காரர் வேறு ஒன்றை மாட்டிவிட்டுப் போனால் அது மறுபடி 192.168.1.1-ஓடுதான் வரும், பிரச்சினையும் கூடவே வரும்.

எந்த எண் என்று கேட்டால், 192.168.0, 192.168.1, 10.0.0 மூன்றையும் தொடாதீர்கள். முதலாளி வீட்டிலிருந்து விபிஎன் (இன்டர்நெட் வழியே அலுவலகத்துக்குள் நுழையும் தனி இணைப்பு) போட்டு வருவார். அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 ஆக இருந்தால் அவருடைய லேப்டாப் அலுவலகப் பிரின்டரை வீட்டுக்குள்ளேயே தேடும். 10-இல் ஆரம்பித்து நடுவில் யாரும் சட்டென்று வைக்காத எண்ணாக எடுங்கள், 10.47 என்று வைத்துக்கொள்வோம். 172 வரிசை வேண்டுமென்றால் 172.16 முதல் 172.31 வரைதான் தனியார் முகவரி. 172.32 என்று வைத்துவிட்டு, சில வெளித்தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று புலம்புபவர்கள் உண்டு. 172.17 டாக்கர் என்கிற மென்பொருள் எடுத்துக்கொள்ளும் எண், அதையும் விட்டுவிடுங்கள்.

#3 தேங்காய்த்திட்டு_22

இதெல்லாம் சுத்தி வளைக்கிற வேலை. ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (முகவரி குடுக்காம வெறுமனே கடத்துற நிலை) போடச் சொல்லி, பிபிபிஓஇ (கம்பெனியோட லாகின் முறை) யூசர்நேம் பாஸ்வேர்டை ஃபயர்வால் வானில் குடுத்தா மோதலே கிடையாது. இரட்டை நேட்டும் (ரெண்டு இடத்துல முகவரி மாத்துறது) ஒழியும். எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1492 வரும், அதை மட்டும் பார்த்துக்கணும். இல்லாட்டி வானில் "பிளாக் பிரைவேட் நெட்வொர்க்ஸ்" டிக்கை எடுக்கணும், அது இருந்தா போர்ட் ஃபார்வர்டு (வெளியிலேர்ந்து உள்ளே விடுற வழி) எதுவும் உள்ளே வராது.

#4 கெடிலக்கரை

பிரிட்ஜ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எண் மாற்றும் வேலையை அது மிச்சப்படுத்தாது, விபிஎன் மோதல் அப்படியே நிற்கும். இரட்டை நேட்டால் இந்த இடத்தில் என்ன நஷ்டம் என்பதையும் பார்க்க வேண்டும். பில்லிங், யூபிஐ, வீடியோ எல்லாமே உள்ளிருந்து வெளியே போகிற போக்குவரத்து, இரண்டு நேட்டைத் தாண்டினாலும் சிக்கல் இல்லை. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியிருந்தால்தான் தொல்லை. அதற்கும் முதலில் ஓஎன்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் அதன் வான் முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் இருந்தால் கம்பெனியே ஒரு நேட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. பிரிட்ஜ் போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது.

#5 சிப்காட்_ஷிஃப்ட்

#3-இல் ஒரு திருத்தம். "பிளாக் பிரைவேட் நெட்வொர்க்ஸ்" பார்ப்பது பாக்கெட் எங்கிருந்து கிளம்பியது என்கிற முகவரியை. இன்டர்நெட்டிலிருந்து ஓஎன்டி வழியாக ஃபார்வர்டு ஆகி வரும் பாக்கெட்டில் கிளம்பிய முகவரி பப்ளிக்காகவே இருக்கும், அதை இந்த டிக் தடுக்காது. ஓஎன்டியின் சொந்த லேனில், அதாவது அதன் வைஃபையில், உட்கார்ந்திருக்கும் ஆள் ஃபயர்வாலைத் தொட முயன்றால்தான் தடுக்கும். அது தடுக்கப்பட வேண்டியதும்கூட. டிக்கை விட்டு வையுங்கள். ஆனால் இதே டிக் லேனில் தவறிக்கூட இருக்கக் கூடாது.

அப்புறம் ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போகிற பின்வாசல் அது.

#6 உப்பளம்_கணினி

ஓஎன்டியில் வான் 100.78 என்று ஆரம்பிக்கிறது. அப்போ பிரிட்ஜ் வேண்டாம், லேனையே மாற்றுகிறேன். கெஸ்ட், கவுன்ட்டர், கேமரா மூன்றையும் பிரிக்கணும் என்றால் பெட்டியில் மிச்சமுள்ள இரண்டு போர்ட்டையும் பிரிட்ஜ் செய்து (ஒரே நெட்வொர்க்காக இணைத்து) பயன்படுத்தலாமா?

#7 கெடிலக்கரை

வேண்டாம். இந்த வகைப் பெட்டியில் நாலு போர்ட்டும் நாலு தனி நெட்வொர்க் கார்டு. உள்ளே சுவிட்ச் சிப் கிடையாது. பிரிட்ஜ் போட்டால் அந்த வேலையை சிபியு தலையில் கட்டுகிறீர்கள், 16 போர்ட் சுவிட்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. வீலேன் போடுங்கள், ஒரே சுவிட்சுக்குள் பல தனி நெட்வொர்க். எந்த நெட்வொர்க் என்று பாக்கெட்டில் ஒட்டும் எண்தான் டேக்.

முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பெட்டியைத் தொடுவது பிறகு:

மேலாண்மை: 10.47.99.1/24, டேக் இல்லாமல், பெட்டியின் 2-ஆம் போர்ட்
கவுன்ட்டர்: வீலேன் 10, 10.47.10.1/24
கெஸ்ட்: வீலேன் 20, 10.47.20.1/23
கேமரா, அட்டெண்டன்ஸ்: வீலேன் 30, 10.47.30.1/24

வீலேன் மூன்றும் பெட்டியின் 3-ஆம் போர்ட்டில். 3-ஆம் போர்ட்டுக்கென்று தனியாக முகவரி வேண்டாம், அது டேக் போட்ட போக்குவரத்தைச் சுமக்கிற வண்டி மட்டும். ஒரே வயரில் டேக் உள்ளதையும் இல்லாததையும் கலந்தால் சுவிட்சில் ஒரு டிக் தப்பினாலும் கெஸ்ட்காரர் மேலாண்மைப் பக்கத்தில் போய் நிற்பார்.

பிஎஃப்சென்ஸில் "லேன்" என்று பெயருள்ள இன்டர்ஃபேஸில் ஒரு ஆன்டி லாக்அவுட் விதி தானாகவே இருக்கும். நீங்கள் எந்த விதியைக் குளறுபடி செய்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து லாகின் பக்கம் திறக்கும். ஆகவே லேனை மேலாண்மைக்கென்று ஒதுக்கி, கவுன்ட்டர் உட்பட மற்றதையெல்லாம் புதிய இன்டர்ஃபேஸாகச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். நிறையப் பேர் லேனிலேயே கவுன்ட்டரை ஓட்டுவார்கள், ஓடும். ஆனால் அதை மாற்ற நேரும் நாளில் கடையும் நிற்கும், கதவும் சாத்திக்கொள்ளும்.

லேன் முகவரியை பிரவுசரிலிருந்து மாற்றாதீர்கள். முகவரி மாறும், டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுப்பது) வரம்பு பழைய எண்ணிலேயே நிற்கும், லேப்டாப்புக்கு 169.254 என்று ஒரு அநாதை முகவரி வந்து உட்காரும். பெட்டியில் மானிட்டர், கீபோர்டு மாட்டி, கன்சோல் மெனுவில் 2-ஆம் எண்ணை எடுங்கள். எந்த இன்டர்ஃபேஸ் என்று கேட்கும், லேன். ஐபிவி4 முகவரி 10.47.99.1, மாஸ்க் 24. அடுத்து கேட்வே கேட்கும் இடத்தில் எதையும் டைப் செய்யாமல் என்டர். லேனுக்கு கேட்வே கொடுத்துவிட்டால் பிஎஃப்சென்ஸ் அதையும் ஒரு வான் என்று நினைத்து நேட் செய்ய ஆரம்பித்துவிடும். நெட் பாதி வருகிறது, பாதி வரவில்லை என்கிற வியாதிக்கு முக்கால்வாசி இதுதான் காரணம். ஐபிவி6 காலியாக விடுங்கள். டிஎச்சிபி வேண்டுமா என்றால் ஆம், 10.47.99.100 முதல் 10.47.99.120 வரை போதும். கடைசியாக எச்டிடிபிக்குத் திரும்பவா என்று கேட்கும், வேண்டாம்.

லேப்டாப் வயரைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். 10.47.99.100 வந்ததும் பிரவுசரில் 10.47.99.1.

இனி இன்டர்ஃபேசஸ், அசைன்மென்ட்ஸ், வீலேன்ஸ். பேரன்ட்டாக 3-ஆம் போர்ட், டேக் 10. அதேபோல் 20, 30. திரும்ப அசைன்மென்ட்ஸ் வந்து ஒவ்வொன்றையும் ஆட் கொடுத்தால் ஆப்ட்1, ஆப்ட்2, ஆப்ட்3 என்று வரும். உள்ளே போய் எனேபிள் டிக், பெயர், ஸ்டேட்டிக் ஐபிவி4, முகவரி. முகவரிக்குப் பக்கத்தில் உள்ள மாஸ்க் பெட்டி இயல்பாக 32-இல் நிற்கும். அதை 24 (கெஸ்ட்டுக்கு 23) ஆக்க மறந்தால் அந்த நெட்வொர்க்கில் ஃபயர்வாலைத் தவிர யாருமே இல்லை என்று அர்த்தம். டிஎச்சிபி பக்கத்தில் அந்த இன்டர்ஃபேஸ் தலைகாட்டவே காட்டாது. "கெஸ்ட் டேப் வரவில்லை, பக்" என்று வருகிற பதிவுகளில் பெரும்பாலும் இந்த 32-தான் ஒளிந்திருக்கும்.

#8 லாசுப்பேட்டை

கெஸ்ட்டுக்கு மட்டும் ஏன் 23?

#9 கெடிலக்கரை

24-இல் 254 முகவரி, 23-இல் 510. 12 அறைக்கு 254 தாராளம் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று கருவி, தினமும் ஆள் மாற்றம். அதோடு ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன்கள் தங்கள் நிஜ மேக் முகவரியை, அதாவது கருவியின் சொந்த எண்ணை, காட்டுவதில்லை, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரி. வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி சேர்ந்தால் புது முகவரி வரவும் கூடும். டிஎச்சிபிக்கு அது புது ஆள். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பொய் முகவரி என்று கண்டுகொள்ளலாம்.

லீஸ் நேரத்தை (ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் நேரம்) 1 மணி, மிஞ்சினால் 2 மணி வையுங்கள். 23 போடும்போது மூன்றாவது எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 10.47.20-உம் 10.47.21-உம் ஒரு ஜோடி. 10.47.21-இல் ஆரம்பித்து 22-ஐச் சேர்க்க முடியாது. வரம்பு 10.47.20.10 முதல் 10.47.21.250. நடுவில் 20.255, 21.0 என்று வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம், 23-க்குள் அவையும் சாதாரண முகவரிகள்தான்.

#10 லாசுப்பேட்டை

ஃபோர்ட்டிகேட்டில் (வேறொரு கம்பெனி ஃபயர்வால்) லீஸ் இயல்பாகவே 604800 விநாடி, 7 நாள். ஹோட்டல், மண்டபம் மாதிரி இடத்தில் அதை அப்படியே விட்டா சனி ஞாயிறு கூட்டத்திலேயே வரம்பு தீர்ந்துடும். "வைஃபை சேருது, நெட் வரல"னு போன் வரும். ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டு எல்லாரும் கம்பெனியைத் திட்டுவாங்க.

#11 உப்பளம்_கணினி

கெடிலக்கரை சார், ஒரே சுவிட்சுக்கு ஃபயர்வாலிலிருந்து இரண்டு வயர் போனால் லூப் (பாக்கெட் சுற்றிக்கொண்டே இருப்பது) ஆகாதா?

#12 சிப்காட்_ஷிஃப்ட்

ஆகாது. ஃபயர்வால் அந்த இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் பிரிட்ஜ் செய்யவில்லை. ஒரு பக்கம் வந்த பிராட்காஸ்ட் (எல்லோருக்குமான பாக்கெட்) மறுபக்கம் போகாது. சுவிட்சுக்குள்ளும் இரண்டு வயரும் வேறு வேறு வீலேனில். #6-இல் கேட்ட மாதிரி போர்ட்டுகளை பிரிட்ஜ் செய்திருந்தால்தான் லூப் பயம்.

சுவிட்ச் பக்கம் சொல்கிறேன், கோளாறு அதிகம் அங்கேதான் விளையும். 1-ஆம் போர்ட் ஃபயர்வாலின் 2-க்கு: வீலேன் 99 (மேலாண்மைக்கு சுவிட்சுக்குள் வைக்கும் எண்), அன்டேக்டு (டேக் இல்லாமல்). 2-ஆம் போர்ட் ஃபயர்வாலின் 3-க்கு: 10, 20, 30 மூன்றும் டேக்டு. ஆக்சஸ் பாயின்ட் போர்ட்டுகள் ஐந்தும்: 99 அன்டேக்டு, 10-உம் 20-உம் டேக்டு. ஆக்சஸ் பாயின்ட்டின் சொந்த முகவரி 99-இல் இருக்கும், ஸ்டாஃப் எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) 10-இல், கெஸ்ட் எஸ்எஸ்ஐடி 20-இல். கவுன்ட்டர் கம்ப்யூட்டர், பிரின்டர்: 10 அன்டேக்டு. என்விஆர், அட்டெண்டன்ஸ்: 30 அன்டேக்டு.

இதைப் போட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். பிவிஐடி என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அன்டேக்டு என்பது சுவிட்சிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுக்கு. கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வரும் பாக்கெட் எந்த வீலேனில் விழ வேண்டும் என்பதைச் சொல்வது பிவிஐடி. விலை குறைந்த ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றில் இதைத் தனியாக மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் எல்லாமே 1. கம்ப்யூட்டர் டிஎச்சிபி கேட்கிறது, அந்தக் கேள்வி வீலேன் 1-இல் விழுந்து காணாமல் போகிறது, 169.254 வருகிறது. ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருப்பீர்கள், குற்றவாளி சுவிட்சில் இருப்பான். அன்டேக்டு எண்ணும் பிவிஐடியும் ஒன்றாக இருக்கிறதா என்று போர்ட் போர்ட்டாகச் சரிபாருங்கள். பிறகு அந்தப் போர்ட்டுகளை வீலேன் 1-இலிருந்து நீக்குங்கள்.

வரிசை முக்கியம்: உங்கள் லேப்டாப் செருகியிருக்கும் போர்ட்டைக் கடைசியாக மாற்றுங்கள். சுவிட்சின் சொந்த முகவரியையும் முன்கூட்டியே 10.47.99.2 ஆக்குங்கள், கேட்வே 10.47.99.1.

#13 முதுநகர்_கேபிள்

அமைப்பெல்லாம் சரிங்க, வயரையும் பாருங்க. கடற்கரையிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளியிருக்கிற கட்டடத்துல ஆர்ஜே45 பின்னு உப்புக் காத்துல சீக்கிரமே கருத்துப்போவும். ஃபயர்வால்ல லிங்க் 1000-க்குப் பதிலா 100னு காட்டுச்சுன்னா அமைப்புல தேடாதீங்க. 100-க்கு ரெண்டு ஜோடி கம்பி போதும், 1, 2, 3, 6. 1000-க்கு நாலு ஜோடியும் வேணும். 4, 5, 7, 8-ல ஒண்ணு தொடலேன்னாலும் லிங்க் நூறுல வந்து நிக்கும், கம்ப்ளெயின்ட் "நெட் ஸ்லோ"ன்னு வரும். தலையை வெட்டிட்டுப் புதுசா கிரிம்ப் பண்ணுங்க, தங்க முலாம் பூசின கனெக்டரா வாங்கிப் போடுங்க.

வேகத்தை ரெண்டு பக்கமும் ஆட்டோவுலேயே விடுங்க. ஒரு பக்கம் மட்டும் 100 ஃபுல்னு இறுக்கி வச்சா எதிர்ப்பக்கம் ஹாஃப்னு எடுத்துக்கும், லிங்க் விளக்கு எரியும், ஆனா பாக்கெட் மோதிக்கிட்டே கெடக்கும். இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்ல எரர், கொலிஷன் எண்ணிக்கை ஏறிச்சுன்னா இதுதான்.

மலிவு வயர்ல செம்புக்குப் பதிலா செம்பு பூசின அலுமினியம் வருது. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வயர்லயே கரென்ட்டு அனுப்பறவங்க அதைத் தொடவே தொடாதீங்க, சூடாவும், வோல்டேஜ் எறங்கும். பின்கட்டு, அவுட்ஹவுஸ்னு வேற கட்டடத்துக்கு இழுக்கணும்னா செம்பு வேணாம், ஃபைபர் போட்டு ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்டர் வைங்க. ஐப்பசி கார்த்திகை இடியில செம்பு வழியா வர்ற சர்ஜ் மொதல்ல தின்னறது ஃபயர்வால் போர்ட்டைத்தான். பெட்டியை மேஜைக்கு அடியிலயும் வைக்காதீங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மழை புதுச்சேரியில எவ்வளவு தண்ணி கொண்டாந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சுவத்துல இடுப்புக்கு மேல ஒரு சின்ன ரேக், யூபிஎஸ்ஸும் அதே உயரத்துல.

#14 கெடிலக்கரை

யூபிஎஸ் பேச்சு வந்ததால் ஒன்று. பிஎஃப்சென்ஸை நிறுவும்போது யூஎஃப்எஸ்ஸா இசட்எஃப்எஸ்ஸா (டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் இரண்டு முறைகள்) என்று கேட்கும். திடீர் கரென்ட் கட்டை இசட்எஃப்எஸ் தாங்கும் அளவுக்கு யூஎஃப்எஸ் தாங்காது. யூஎஃப்எஸ்ஸில் போட்டிருந்தால், கான்ஃபிக் பேக்கப்பை எடுத்துக்கொண்டு இப்போதே மறுபடி நிறுவிவிடுங்கள்.

#15 உப்பளம்_கணினி

முகவரி, வீலேன் எல்லாம் போட்டுவிட்டேன். மூன்றிலும் டிஎச்சிபி கிடைக்கிறது. ஆனால் கவுன்ட்டரிலிருந்தும் நெட் இல்லை, கெஸ்ட்டிலிருந்தும் இல்லை. 99-இல் மட்டும் வருகிறது.

#16 தேங்காய்த்திட்டு_22

விதி எழுதலை, அவ்வளவுதான். லேனுக்கு மட்டும்தான் எல்லாத்தையும் அனுமதிக்கிற விதி ஆரம்பத்துலேயே இருக்கும். புதுசா சேர்க்கிற இன்டர்ஃபேஸ் வெறும் பலகை. டிஎச்சிபிக்கு மட்டும் தானா வழி விடும், மத்தது எல்லாம் மூடி.

விதி மேலேர்ந்து கீழ, முதலில் பொருந்தறது ஜெயிக்கும். கெஸ்ட்டுக்கு இந்த வரிசை: 10.47.20.1-க்கு 53-ஆம் போர்ட் (டிஎன்எஸ், தளத்தோட பெயரை முகவரியா மாத்துறது), டிசிபியும் யூடிபியும், பாஸ். அடுத்து "திஸ் ஃபயர்வால்" முழுசுக்கும் பிளாக். அடுத்து 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூணும் சேர்ந்த ஒரு ஏலியாஸுக்கு (பல முகவரிக்கு ஒரே பெயர்) பிளாக். கடைசியா எல்லாத்துக்கும் பாஸ். மூணாவது விதியால ஓஎன்டியோட 192.168.1.1 பக்கமும் கெஸ்ட்டுக்கு மூடிக்கும். முதல் விதியை மறந்துட்டு ரெண்டாவதை மட்டும் போட்டா டிஎன்எஸ் செத்துடும், வாட்ஸ்அப்ல எதுவும் போகலேன்னு ரிசப்ஷனுக்கு ஆள் வரும்.

கவுன்ட்டருக்கு எல்லாத்துக்கும் பாஸ் போதும். கேமரா வீலேனுக்கு ஒண்ணுமே எழுதாம விட்டா வெளியேயும் போகாது, அடுத்த வீலேனுக்கும் போகாது. மொபைல்ல கேமரா பார்க்கணும்னா என்விஆர் ஒண்ணுக்கு மட்டும் 53-உம் வெளியே போற வழியும். நடுவுல அதே தனியார் ஏலியாஸுக்கு ஒரு பிளாக் போட மறக்காதீங்க.

#17 சிப்காட்_ஷிஃப்ட்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பிளாக் விதி போட்ட பிறகும் பழைய பிங் ஓடிக்கொண்டே இருந்தால் விதி வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே திறந்த இணைப்பு ஸ்டேட் பட்டியலில் உயிரோடு இருக்கும். டயக்னாஸ்டிக்ஸ், ஸ்டேட்ஸ் போய் அதை நீக்கிவிட்டுச் சோதியுங்கள்.

கெஸ்ட்டும் கெஸ்ட்டும் ஒருவரையொருவர் பார்ப்பதை ஃபயர்வாலால் தடுக்க முடியாது. ஒரே சப்நெட்டுக்குள் போகும் பாக்கெட் ஃபயர்வாலுக்கு வருவதே இல்லை. ஆக்சஸ் பாயின்ட்டில் கிளையன்ட் ஐசொலேஷன் என்று இருக்கும், கெஸ்ட் எஸ்எஸ்ஐடிக்கு அதைப் போடுங்கள்.

#18 லாசுப்பேட்டை

குறுக்கே என்னோட கேள்வி, மன்னிக்கணும். ஃபோர்ட்டிகேட் 60எஃப், ஒரு ஆடிட்டர் ஆபீஸ். இன்டர்னல் முகவரியை 192.168.1.99-இலிருந்து 10.52.1.1 ஆக மாத்தினேன். டிஎச்சிபி வரம்பையும் மாத்தினேன். எல்லா கம்ப்யூட்டருக்கும் 10.52.1 முகவரி வருது, நெட் ஓடுது. ஆனா லாகின் பக்கம் திறக்கலை, 10.52.1.1 பிங்கும் ஆகலை. இன்டர்ஃபேஸில் எச்டிடிபிஎஸ், பிங் ரெண்டும் டிக் போட்டதா உறுதியா ஞாபகம்.

#19 சிப்காட்_ஷிஃப்ட்

நெட் ஓடுகிறது என்றால் முகவரியும் பாலிசியும் (ஃபோர்ட்டிகேட்டில் விதிக்கு அந்தப் பெயர்) சரி. அட்மின் கணக்கில் "ட்ரஸ்டட் ஹோஸ்ட்" என்று 192.168.1.0/24 போட்டிருக்கிறீர்களா? எல்லா அட்மின் கணக்கிலும் அது இருந்தால், அந்த வரம்புக்கு வெளியிலிருந்து வருபவருக்கு ஃபோர்ட்டிகேட் லாகின் பக்கத்தையும் காட்டாது, பிங்குக்கும் வாய் திறக்காது. முகவரியை மாற்றினீர்கள், நம்பகமானவர் பட்டியல் பழைய ஊரிலேயே இருக்கிறது.

கன்சோலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆர்ஜே45 கன்சோல் வயர், 9600 வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். உள்ளே போய் அட்மின் கணக்கில் 10.52.1.0/24 சேருங்கள்.

#20 லாசுப்பேட்டை

அதேதான். சேர்த்ததும் திறந்துடுச்சு. நன்றி சார். 5-ஆம் போர்ட்டை மட்டும் தனி நெட்வொர்க்கா பிரிக்க முடியுமா?

#21 சிப்காட்_ஷிஃப்ட்

முடியும். 60எஃப்பில் இன்டர்னல் என்பது ஒரு ஹார்டுவேர் சுவிட்ச், 5 போர்ட்டும் அதன் உறுப்பினர்கள். நெட்வொர்க், இன்டர்ஃபேசஸ், இன்டர்னல் திறந்து உறுப்பினர் பட்டியலிலிருந்து 5-ஐ எடுத்தால் அது தனி இன்டர்ஃபேஸாக வெளியே வரும். முகவரி, டிஎச்சிபி கொடுங்கள், பிறகு அதிலிருந்து வானுக்கு ஒரு பாலிசி, நேட் டிக்கோடு. ரோல் என்று லேன், வான், டிஎம்இசட் கேட்பது திரையில் எந்தக் கட்டங்கள் தெரிய வேண்டும் என்பதற்குத்தான், பாதுகாப்பு அதனால் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. இன்டர்னலையே மொத்தமாகக் கலைக்க நினைத்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாலிசி, டிஎச்சிபி எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும். ரெஃப் என்கிற பத்தியில் உள்ள எண் 0 ஆகும்வரை விடாது.

#22 உப்பளம்_கணினி

கவுன்ட்டர், கெஸ்ட் இரண்டிலும் நெட் வந்துவிட்டது. மிச்சம் மூன்று. ஒன்று, டேலி ஷேர் மற்ற இரண்டு கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. இரண்டு, பிரின்டர் ஆஃப்லைன். மூன்று, அட்டெண்டன்ஸ் மெஷினுக்கு 10.47.30.15 கையால் போட்டேன். 30-இல் லேப்டாப் வைத்தால் பிங் ஆகிறது, கவுன்ட்டரிலிருந்து ஆகவில்லை.

#23 கெடிலக்கரை

டேலிக்கு: விண்டோஸ் ஒரு நெட்வொர்க்கை அதன் கேட்வேயை வைத்து அடையாளம் காணும். கேட்வே ஓஎன்டியிலிருந்து ஃபயர்வாலுக்கு மாறியதால் இது புது ஊர் என்று நினைத்து "பப்ளிக்" போட்டிருக்கும், பப்ளிக்கில் ஃபைல் ஷேர் மூடி. மூன்று கம்ப்யூட்டரிலும் பிரைவேட் ஆக்குங்கள். டேட்டா பாதை 192.168.1 முகவரியில் எழுதப்பட்டிருந்தால் கம்ப்யூட்டர் பெயருக்கு மாற்றுங்கள், அடுத்த தடவை எண் மாறினாலும் உடையாது. பின்னால் யாராவது வேறு வீலேனிலிருந்து டேலி திறக்க வேண்டி வந்தால் ஃபைல் ஷேருக்கு 445-உம் லைசென்ஸுக்கு 9999-உம் திறக்க வேண்டியிருக்கும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் ஃபைல் ஷேர் விதியின் எல்லை "லோக்கல் சப்நெட்" என்று இருக்கும், அதை விரிக்க வேண்டும்.

பிரின்டருக்குக் கையால் பழைய முகவரி போட்டிருப்பார்கள். அதை டிஎச்சிபிக்கு மாற்றி, ஃபயர்வாலில் மேக் முகவரியைக் கொண்டு 10.47.10.20 என்று ரிசர்வ் செய்யுங்கள். ரிசர்வ் எண் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். வரம்பு 100-199 என்றால் 10-49-ஐ இதற்கென்று ஒதுக்கிவிடலாம். கம்ப்யூட்டரில் பிரின்டர் போர்ட்டையும் புது முகவரிக்கு மாற்ற மறக்க வேண்டாம், அது தானாக மாறாது.

அட்டெண்டன்ஸ் மெஷினில் கேட்வே கட்டம் காலியாகவோ 192.168.1.1 ஆகவோ இருக்கும். ஒரே சப்நெட்டுக்குள் கேட்வே தேவையில்லை, அதனால் அங்கே பிங் ஆகிறது. கவுன்ட்டரிலிருந்து கேள்வி போய்ச் சேர்கிறது, பதில் திரும்பி வர வழி தெரியாமல் மெஷினிலேயே செத்துப்போகிறது. 10.47.30.1 போடுங்கள், மாஸ்க் 255.255.255.0. இந்த வகை மெஷின்கள் பெரும்பாலும் 4370-ஆம் போர்ட்டில் பேசும்.

#24 தேங்காய்த்திட்டு_22

சில மெஷின்ல கேட்வே கட்டமே வேலை செய்யாது, சேவ் பண்ணாலும் பழசுக்கே திரும்பும். அப்போ அவுட்பவுண்ட் நேட்டை ஹைபிரிடுக்கு மாத்தி, 10.47.10.0/24-இலிருந்து 10.47.30.15-க்குப் போறதுக்கு மட்டும் கேமரா இன்டர்ஃபேஸ் முகவரியால நேட் போடுங்க. மெஷினுக்குக் கேள்வி 10.47.30.1-இலிருந்து வந்த மாதிரி தெரியும், பக்கத்து வீட்டுக்காரன்னு நினைச்சுப் பதில் சொல்லிடும்.

என்விஆர் பின்பக்கம் கேமராவுக்கே போர்ட் இருக்கிற மாடலா? ஹிக்விஷன்னா அந்தக் கேமராக்கள் 192.168.254 வரிசையில் என்விஆருக்குள்ளேயே அடங்கியிருக்கும். அதுக்கு வீலேன் எதுவும் வேணாம், என்விஆரோட லேன் போர்ட் ஒண்ணு மட்டும் 30-இல் வந்தா போதும்.

#25 உப்பளம்_கணினி

என்விஆர் அந்த மாடல்தான். மூன்றும் சரியாகிவிட்டது. மெஷினில் கேட்வே 192.168.1.1 என்றே இருந்தது. கெஸ்ட் லாக் எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

#26 சிப்காட்_ஷிஃப்ட்

செர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28-இல் விட்ட உத்தரவு, கணினி லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் இடத்துக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். ஆனால் லாக் வைத்துக்கொள்வதில் நஷ்டம் இல்லை. பெட்டியின் டிஸ்க்கில் அது சுழன்று அழிந்துகொண்டே இருக்கும். கவுன்ட்டர் கம்ப்யூட்டர் ஒன்றுக்கோ ஒரு சின்ன நாஸுக்கோ (நெட்வொர்க் டிஸ்க் பெட்டி) சிஸ்லாகாக, யூடிபி 514 வழியே, அனுப்புங்கள். டிஎச்சிபி லாக் கட்டாயம் போக வேண்டும், எந்த முகவரி எந்த மேக்கிடம் எப்போது இருந்தது என்பது அதில்தான் இருக்கிறது. பெட்டியின் நேரம் தப்பாக இருந்தால் அந்த லாக்கால் பயனில்லை. அதே உத்தரவு என்ஐசி அல்லது என்பிஎல் (இரண்டும் அரசு நிறுவனங்கள்) நேர சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது, என்டிபி (நேர ஒத்திசைவு) கட்டத்தில் அதைப் போடுங்கள்.

#27 கெடிலக்கரை

இன்னும் ஒன்று. யாராவது அறையில் சிக்னல் இல்லை என்று பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் நம் வயரைச் செருகுவார்கள். அதுவும் டிஎச்சிபி கொடுக்க ஆரம்பிக்கும், பாதிப் பேருக்கு 192.168.0 முகவரி வரும். சுவிட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (அனுமதியில்லாத போர்ட்டிலிருந்து டிஎச்சிபி பதில் வருவதைத் தடுப்பது) இருந்தால் போட்டுவிட்டு, ஃபயர்வாலுக்குப் போகும் 1, 2 போர்ட்டுகளை மட்டும் ட்ரஸ்டட் ஆக்குங்கள். இல்லையென்றால், பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரில் டிஎச்சிபி சர்வர் முகவரியைப் பார்த்து, ஏஆர்பி பட்டியலில் (எந்த முகவரிக்கு எந்த மேக் என்கிற பட்டியல்) அதன் மேக்கை எடுத்து, சுவிட்சின் மேக் டேபிளில் எந்தப் போர்ட் என்று தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

#28 உப்பளம்_கணினி

ஸ்னூப்பிங் இருக்கிறது, போட்டுவிட்டேன். பெட்டியின் 4-ஆம் போர்ட் சும்மா கிடக்கிறதே?

#29 கெடிலக்கரை

அதற்கு 10.47.98.1/24 என்று ஒரு முகவரி, டிஎச்சிபி 5 எண்ணுக்கு, அந்தப் பக்கத்திலிருந்து ஃபயர்வாலின் 443-க்கு மட்டும் ஒரு பாஸ் விதி. ரேக் பூட்டியிருக்கும் என்றால் இப்படி வையுங்கள், சுவிட்ச் செத்தாலும் லேப்டாப்பை நேராகச் செருகி உள்ளே போகலாம். பூட்டு இல்லையென்றால் அந்த இன்டர்ஃபேஸை டிஸேபிள் செய்துவிடுங்கள். எதைச் செய்தாலும் முடித்ததும் கான்ஃபிக்கைப் பேக்கப் எடுத்து, தேதியைப் பெயராக வைத்து பென்டிரைவில் போடுங்கள். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகளும் இருக்கும், கவுன்ட்டர் டெஸ்க்டாப்பில் விட்டு வைக்காதீர்கள்.